வேப்பெண்ணெய் அடித்த பாதித் தோட்டம்

எங்கள் மல்பெரித் தோட்டத்தில் மாவுப்பூச்சி விழுந்தபோது, கொட்டகையில் பட்டுப்புழுக்கள் மூன்றாம் முறை தோலுரிக்கத் தலையைத் தூக்கியபடி தூங்கிக்கொண்டிருந்தன. எழுந்தால் கூடு கட்டும்வரை பன்னிரண்டு நாள் தீனி வேண்டும். தழைக்கு இந்த ஓர் ஏக்கரை விட்டால் வேறில்லை.

கச்சிராயபாளையம் மருந்துக்கடையில் அப்பா ஏதோ கடுமையான மருந்தைச் சொல்லி வைத்திருந்தார். நான் தடுத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் ஆபத்து குறைவு என்று படித்திருந்தேன். பாதித் தோட்டம் அடித்து முடித்தபோது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாடா இது, இப்பிடி நாறுது?"

"வேப்பெண்ணெய்தாம்மா. ஒண்ணும் ஆவாது."

"பொகையில போட்ட வாயோட உங்கப்பனையே புழு வூட்டுக்குள்ள வுடறதில்ல. இத்த மட்டும் துன்னுமா அதுங்க?"

தெளிப்பானை இறக்கி வைத்தேன். ஆபத்து குறைவு என்று படித்தவன், யாருக்குக் குறைவு என்று பார்க்கவில்லை.

புழுக்கள் எழுந்ததும் பத்துப் புழுவைத் தனித் தட்டில் விட்டு, மருந்தடித்த தழையைப் போட்டேன். விளிம்பில் வாய் வைத்தன. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. பிறகு தட்டின் ஓரத்துக்கு ஏறிவிட்டன. மாவுப்பூச்சிக்குக் கசப்பது இவற்றுக்கும் கசக்காதா?

மிச்சப் பாதியில் சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி எரித்தோம். அப்பா மோட்டார் குழாயின் வாயை விரலால் நெருக்கி, இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சினார். வெள்ளை மாவு உதிர்ந்தது.

"தண்ணிக்கே பூடுதேடா! காலேஜுல இத்தச் சொல்லலியா?"

கழுவிய தழையை ஈரம் போக உலர்த்திப் போட்டோம். புழுக்கள் தின்றன. ஆனால் பாதித் தோட்டம் எத்தனை நாளைக்கு வரும்?

தினமும் காலையில் மருந்தடித்த வரிசையிலிருந்து நாலு இலை பறித்து, புதிதாகப் பத்துப் புழுவுக்குப் போட்டுப் பார்த்தேன்.

"போ, உன் பத்து பேரும் இன்னா சொல்றாங்கனு கேட்டுகினு வா," என்பாள் அம்மா.

மருந்தடித்த ஏழாம் நாள் இலையின் ஓரத்தை லேசாகக் கடித்திருந்தன. ஒன்பதாம் நாள் மாலைக்குள் பாதி இலையைத் தின்றுவிட்டன. பத்தாம் நாள் காலை தட்டில் நரம்புதான் கிடந்தது. அம்மா நம்பவில்லை. அந்த வரிசைக்குப் போய், ஓர் இலையைக் கிள்ளித் தானே மென்று துப்பினாள்.

"கசக்கல. அறுடா."

முதல் கட்டுத் தழையைப் புழுக்களின் மேல் நானே பரப்பினேன். அவை கடிக்கத் தொடங்கும்வரை மூவரும் வெளியே வரவில்லை.