பின்சந்து வீட்டுக்குத் தண்ணீர்

முதுநகரில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து இருந்தது. கோயில் என்று நான் சொல்வது மாதாகோயிலோ அம்மன் கோயிலோ அல்ல, எங்கள் சபையின் சிறிய ஓட்டுக் கட்டடம். என் கணவர் அங்கே உபதேசியாராக இருந்தார். குருவானவர் மாதம் ஒரு முறை சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவது, பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் கணவரின் வேலை. அது அறுபதுகளின் நடு. எனக்கு இருபத்திரண்டு வயது. மடியில் ஏழு மாதப் பெண்குழந்தை.

அந்த மாசி மாதம் ஊரில் பெரியம்மை வந்தது.

எனக்கு அம்மையைத் தெரியும். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் என் அக்கா அதில்தான் போனாள். எனக்கு அப்போது ஏழு வயது. அறைக்குள் என்னை விடவில்லை. ஆனால் நாற்றம் கதவிடுக்கு வழியாக வரும். கடைசி இரண்டு நாள் அவள் அழவில்லை. அழுகை நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். தை மாதம் அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தபோது, குழந்தைக்குச் சளி, அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியைத் திருகுவதைப் பார்க்க என்னால் முடியாது என்று, அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "வீட்ல குழந்தை இருக்கா?" என்று அவர் கேட்டதும், பக்கத்து வீட்டுக்காரி "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. என் கணவருக்கு இது தெரியாது.

சந்தின் கடைசி வீட்டில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். என் வயதுதான். கணவன் சிங்கப்பூரில். நாலு வயதில் ஒரு பெண்குழந்தை. வேறு யாரும் இல்லை. அந்தக் குழந்தைக்குத்தான் எங்கள் பக்கத்தில் முதலில் அம்மை வார்த்தது. மறுநாளே சந்தில் எல்லா வாசலிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். பொதுக்கிணற்றுக்கு அவள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கணவர் யாரையும் எழுந்திருக்க வேண்டாம் என்றார்.

"நம்ம பின்சந்துல ஒரு குழந்தைக்கு அம்மை. மூணு நாளா பானையில இருந்த பழைய தண்ணியத்தான் தாயும் புள்ளையும் குடிக்கிறாங்க. நம்ம கோயில் கெணத்துல தண்ணி இருக்கு."

முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

"அவுங்க ஜமாத்துல ஆளுங்க இல்லியா, உபதேசியாரே?"

"இருக்காங்க. அரிசியும் விறகும் குடுத்து அனுப்பியிருக்காங்க, சந்து முனையிலயே கெடக்குது. கோஷா வீடு. உள்ள ஆம்பள இல்லாதப்போ வேற ஆம்பள போவ முடியாது. அவுங்க பொம்பளைங்களுக்கும் பயம்தான், கைக்குழந்தை வெச்சிருக்காங்க."

"நமக்கு மட்டும் பயம் இல்லியா?"

"இருக்கு," என்றார் என் கணவர். அதற்கு மேல் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

பெண்கள் பக்கம் அத்தனை பேரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போக வேண்டியது ஒரு பெண் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. என் கணவர் மற்ற எல்லாரையும் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன்.

"நான் போவ மாட்டேன். என் அக்காவப் பத்தித் தெரிஞ்சும் கேக்கறீங்களே."

"நான் உன்னக் கேக்கலியே."

"கேக்காம கேட்டீங்க."

பின்கட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த வீடு. மத்தியான வெயிலில் அந்தக் குழந்தை "தண்ணி, தண்ணி" என்று ஒரே சீராக அழுதுகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அழுகை நின்றது.

நான் எழுந்துவிட்டேன். துணிச்சல் வந்து எழுந்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. கணவரிடம் போய், தை மாதம் குழந்தையை ஒளித்து வைத்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் அம்மை குத்துகிறவரைக் கையோடு அழைத்து வந்தார். குழந்தையை நானே பிடித்துக்கொண்டேன். எனக்கும் மறுபடி குத்தினார். "எட்டு நாள்ல காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. குத்து பிடிச்சிதுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். வேப்பிலைகளுக்குப் பின்னால் ஜன்னல்கள் திறந்து மூடின. வாசற்படியில் குடத்தை வைத்துவிட்டு, ஒரு குச்சியால் கதவைத் தட்டிவிட்டு, எதிர்ச்சுவர் வரை பின்னால் வந்து நின்றேன். முந்தானையை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"யாரு?"

"கோயில்லேருந்து வர்றேன். உபதேசியார் வீடு. தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"எதுக்கு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "குடிக்க," என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. சந்து முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். ஒரு கை மட்டும் வெளியே வந்து குடத்தை இழுத்துக்கொண்டது.

இப்படி ஆறு நாள். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீரும் கஞ்சியும். சந்து முனையில் கிடந்த அரிசியையும் விறகையும் நானே கொண்டுபோய் வைத்தேன். சந்தில் நகை வேலை செய்கிற பத்தர் வீட்டு அம்மாள் மாடி ஜன்னல் வழியாக ஒரு நாள் இரண்டு இளநீரைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். "ஏம்மா, நான் குடுத்தேன்னு சொல்லாத, குடுத்துடு," என்றாள். வீட்டுக்கு வந்ததும் புடவையோடு தலையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன். தூங்கும் அவளைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் புள்ளி இருக்கிறதா என்று தேடுவேன்.

ஏழாம் நாள் காலை, முந்தின நாள் கஞ்சிச் செம்பு வாசலில் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்துக் கிடந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை.

நின்றேன். தட்டிப் பார்த்தேன், யாரும் திறக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. திரும்பி நாலடி நடந்தும்விட்டேன். அப்போது உள்ளே இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அம்மா எழுந்துக்க மாட்டேங்குது."

கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை. அந்த நாற்றம் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் முகத்தில் வந்து மோதியது. அரைவெளிச்சத்தில் அந்தப் பெண் பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தது. முகம் முழுக்கக் கொப்புளம் காய்ந்து பொருக்காகிக்கொண்டிருந்தது. ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தது. வேப்பங்கொத்தால் தாய்க்கு விசிறிக்கொண்டிருந்தது.

ஜெபம் பண்ணினேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். எனக்கு ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீரைப் புகட்டினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். குழந்தை என் புடவையைக் கையால் பற்றிக்கொண்டு விடவே இல்லை.

வெளியே வந்ததும்தான் உறைத்தது. இனி நான் வீட்டுக்குப் போக முடியாது. சந்தில் எங்கள் பின்கட்டுச் சுவரோரம் நின்று கத்தினேன்.

"குழந்தையத் தூக்கிக்கிட்டு உள்ள போங்க! நான் அவுங்கள தொட்டுட்டேன்! வெளிய வராதீங்க!"

அம்மைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். அதன் கடைசி அறையில் நான் தங்கினேன். பதினெட்டு நாள் அந்த வீட்டைத் தவிர வேறு யாரோடும் சேரக்கூடாது என்று முனிசிபாலிட்டி ஆள் தூரத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது. பீய்ச்சி மண்ணில் விட்டு மூடுவேன். அங்கே என் கணவர் பாலாடையில் ஆட்டுப்பால் புகட்டப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாலைத் தினமும் வேலிக்கு அந்தப்புறமிருந்து கொடுத்து அனுப்பியது, முன்வரிசையில் கேள்வி கேட்டாரே, அந்த ரயில்வேப் பெரியவர் என்று பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் தங்கிய மறுநாள் காலை குடத்தோடு சந்துக்குள் போகும்போது, துறைமுகத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மாள் எதிரே வந்தாள். முகம் முழுக்கப் பழைய அம்மைத் தழும்பு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே, இப்படி நடுங்கற?"

சொன்னேன்.

"அட, இத ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக்கூடாதா? எனக்கு வந்து போன சமாச்சாரம், இனிமே கிட்ட வராது. நவுரு."

கூடையைச் சுவரோரம் இறக்கிவிட்டு உள்ளே போனாள். வீட்டைப் பெருக்கி, பாயை எரித்து, தாயையும் குழந்தையையும் துடைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உயிர் வந்ததுபோலவும் இருந்தது. அன்றிலிருந்து தண்ணீரும் கஞ்சியும் நான், மற்றதெல்லாம் அவள். எங்கள் கோயிலுக்குள் அவள் ஒரு நாளும் வந்ததில்லை. பாதிக்கு மேல் வேலையைச் செய்தவள் அவள்தான் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் என் கணவர் பள்ளிக்கூட வேலியருகே வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"குழந்தைக்குக் காய்ச்சல்."

"எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. பால் குடிக்க மாட்டேங்குது. அம்மை குத்துனதுதான், எட்டு நாளு ஆச்சில்ல..."

"உடம்புல பாத்தீங்களா? முதுகுல? உள்ளங்கால்ல?"

"இல்ல. இன்னும் ஒண்ணும் இல்ல."

அந்த 'இன்னும்' என்ற சொல் என்னைக் கொன்றது. ஆறு நாள் அந்த வாசலுக்குப் போய் வந்து, அதே கையால் அவளைத் தூக்கியிருக்கிறேன். வேலிக்கு நாற்பதடி தள்ளி என் வீடு. உள்ளே அவள் முனகுவது கேட்டது. போய்த் தூக்க முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பின்சந்து வீட்டுப் பெண்ணை வெறுத்தேன். என் கணவரை வெறுத்தேன். தண்ணீர் கொண்டுபோகச் சொன்ன எல்லாவற்றையும் வெறுத்தேன். ஆனாலும் சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலை என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலியிலிருந்து தள்ளி நின்று, அவள் கையை உயர்த்திக் காட்டினார். குத்திய இடத்தில் மட்டும் ஒரே ஒரு பெரிய கொப்புளம், சுற்றிச் சிவந்து. மேலே வேறு எங்கும் எதுவுமில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. அவள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பின்சந்துத் தாயும் பிழைத்தாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை குத்தியிருந்ததால் லேசாகப் போட்டு இறங்கியது. குழந்தையும் பிழைத்தது, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது.

பதினெட்டு நாள் முடிந்து நான் வெளியே வந்த வாரம் குருவானவர் சிதம்பரத்திலிருந்து வந்தார். எங்கள் சபையில் நற்கருணை ரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்போம். அன்று பாதி பெஞ்சு காலி. வந்தவர்களும் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. குருவானவர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா," என்றார்.

"எல்லாரும் குடிச்ச பெறகு வர்றேங்க, ஐயா," என்றேன். கடைசியில் போய் முழங்கால் போட்டேன். பாத்திரம் பல்லில் இடித்தது. நான் குடித்ததும் மிச்சத்தை அவர் குடித்தார். அன்று வராதவர்களில் இரண்டு குடும்பம் திரும்பி வரவே இல்லை.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என் கணவருக்குச் சிதம்பரத்துக்கே மாற்றலானது. ஒரு நாள் அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். துப்பட்டிக்குள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். காட்டுமன்னார்கோயிலில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெண் வளர்ந்திருந்தாள். அவள் என்னைத் தெரியாமல் தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"மொத நாள் நீங்க வந்தப்போ கதவுக்குப் பின்னாடி அருவாமணைய வெச்சுக்கிட்டு நின்னேன். புள்ளைய ஊருக்கு வெளிய இருக்கற அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போவ ஆள் வந்திருக்குன்னு நெனச்சேன். இல்லாட்டி எங்கள உங்க மார்க்கத்துக்கு இழுக்க வந்திருக்கீங்கன்னு. தண்ணியக்கூட மொதல்ல பூனைக்கு ஊத்திப் பாத்துட்டுத்தான் புள்ளைக்குக் குடுத்தேன். அல்லா மன்னிக்கணும்."

"எனக்கும் உன்னப் பாத்தா பயம்தாம்மா," என்றேன். "குச்சியாலதான கதவத் தட்டினேன்."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பஸ் வந்தது. கூட்டத்தில் அவள் முதலில் ஏறிக்கொண்டு கையை நீட்டினாள். நான் பெண்ணைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன். நல்ல கனமாக இருந்தாள்.