சம்பந்தியின் துவக்குக்கு ஒரு கட்டை

என் சம்பந்தியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் "அருமை" என்பார். உப்புப் போட மறந்த சாம்பாரும் அருமை, நான் செய்து கொடுத்து ஒரே மாதத்தில் கால் ஆடிய கதிரையும் அருமை. மாப்பிள்ளையின் அப்பா குறை சொன்னால் பெண் வீட்டாரை மட்டம் தட்டியது போலாகிவிடும் என்று அவருக்குப் பயம். நானோ பெண்ணைக் கொடுத்தவன். அவரைத் துருவித் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். இப்படியே ஒருவரையொருவர் தாங்கு தாங்கென்று தாங்கி ஆறு வருடம் ஓட்டிவிட்டோம்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், பிலிமத்தலாவையில் இருக்கிற என் தளபாடப் பட்டறைக்கு அரிசிச் சாக்கு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு மரத்துண்டுகள். சுடும்போது துவக்கைத் தோளில் அழுத்திப் பிடிக்கிற கட்டை, கழுத்தோடு முறிந்திருந்தது.

"புல்லு வழுக்கிருச்சு சம்பந்தி. குழலு, விசைன்னு இரும்பெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கு. பொலிஸ்லயும் சொல்லிட்டேன். ஒங்க கையால புதுசா ஒரு கட்டை செஞ்சு குடுங்க."

கெலிஓயாவுக்கு மேலே அவருக்கு முக்கால் ஏக்கர் காணி. மரவள்ளி, வாழை, கொஞ்சம் மிளகு. சம்பந்தியம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். காட்டுப்பன்றிக்காக லைசன்ஸோடு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருந்தார். வருடக் கடைசியில் அதைக் கொண்டுபோய்க் காட்டி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். உடைந்ததைக் காட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். துவக்குப் போனால் காணி பன்றிக்கு. கண்டியில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளையும் முடிவாகச் சொல்லிவிட்டாராம்: "இந்தத் தடவை புதுப்பிக்க முடியலேன்னா காணியை வித்துட்டு எங்களோட வந்துருங்கப்பா."

"அந்த மேல்மாடி வீட்டுல எனக்கு என்ன வேலை சம்பந்தி? பால்கனியில நின்னு பஸ்ஸு எண்ணுறதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பேசும்போதே சாக்கின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கட்டில் செய்பவன், அலுமாரி செய்பவன். துவக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? பழைய கட்டிலொன்றின் தலைமாட்டிலிருந்து நன்றாகக் காய்ந்த மகோகனிப் பலகையைத் தேடி எடுத்தேன். கழுத்துப் பகுதியில் மர ரேகை குறுக்கே ஓடினால் மறுபடி அங்கேயேதான் முறியும். அதனால் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேகை நீளவாக்கில் ஓடும்படி கோடு போட்டேன். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை சம்பந்தியை அளந்தேன். தையற்காரனுக்கு நிற்பது போல விறைப்பாக நின்றார். வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டார். வயிற்றுக்கும் துவக்குக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரும்பை மரத்தில் பதிக்கிற வேலைதான் உயிரை வாங்கும். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரும்பில் பூச வேண்டும். அதை மரத்தில் அழுத்தி எடுத்தால், இடிக்கிற இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சீவிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இரும்பு அவர் வீட்டில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கெலிஓயாவுக்குப் போனேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை அழுத்தி எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி, "துவக்கு செய்யப் போனீங்களா, அடுப்புக்குள்ள படுத்திருந்தீங்களா?" என்பாள். ஆனாலும் கடைசியில் மயிரிழை இடைவெளி இல்லாமல் இரும்பு மரத்துக்குள் உட்கார்ந்தபோது, முப்பது வருடம் அலுமாரி செய்ததில் கிடைக்காத சந்தோஷம் கிடைத்தது.

தோளில் வைத்துப் பார்த்தார். "அருமை சம்பந்தி!"

மறுநாள் காலையிலேயே என் மகளிடமிருந்து போன். "அப்பா, மாமா சொன்னாரு, கன்னத்துல கொஞ்சம் இடிக்குதாம். ஒங்ககிட்ட சொல்லாதன்னாரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

காட்டிக்கொள்ளாமல் போய், ஏதோ எனக்கே தோன்றியது போலக் கன்னப் பக்கத்தைச் சீவினேன். "அருமை!" மறுநாள் மறுபடி போன். மறுபடி சீவினேன். மூன்றாவது போன் வந்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அளவெடுத்தவன் நான், அளவில் பிழையில்லை. பிறகு எதற்கு அந்த மனிதருக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

அவர் முற்றத்தில் நின்று, தோட்டா போடாத துவக்கைத் தோளில் வைத்துப் பப்பாளி மரத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். துவக்கு வலது தோளில் இருந்தது. தலையோ கட்டைக்கு மேலாகச் சாய்ந்து, கழுத்தை முறித்துக்கொண்டு இடது கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! நேரே போய் அவருடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

பதறிப்போனார். குரலை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டார். துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு மெதுவாக, "வெளிச்சம் தெரியுது சம்பந்தி" என்றார்.

"மத்தக் கண்ணு?"

"மங்கல்."

"அப்ப பன்றியை எப்படிச் சுடுறீங்க?"

"ரெண்டு வருஷமா எனக்குச் சத்தம்தான் பன்றி."

ஐயோ சாமி! அந்தக் காணிக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. ட்யூஷன் முடிந்து பொழுது சாய, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் லயத்து வீடுகளுக்குப் போவது அந்த வழியாகத்தான். கட்டை முறிந்ததும் புல் வழுக்கி அல்ல. படி தெரியாமல் விழுந்திருக்கிறார்.

"மகன்கிட்ட சொல்லிராதீங்க. நாளைக்கே காணி வாங்க ஆள் கூட்டிட்டு வந்துருவான். நீங்க கன்னத்துல இன்னும் கொஞ்சம் கொடஞ்சு விட்டீங்கன்னா இடது கண்ணு எட்டிரும்."

"கொடையமாட்டேன்" என்றேன். ஆறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன். "ஒங்க மகன்கிட்ட சொல்லவும்மாட்டேன், அது ஒங்க வேலை. ஆனா கண்ணைக் காட்டாம கட்டை கெடைக்காது."

இரும்பைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு, மரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. சம்பந்தியின் பொருளைப் பறித்துக்கொண்டு வந்த பெண் வீட்டுக்காரன் இந்தக் கண்டி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

பத்தாவது நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். வெளுத்த சட்டை, கையில் குடை. "ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனா வழி தெரியாது" என்றார். பிறந்ததிலிருந்து கண்டிப் பக்கமே இருப்பவர்!

கண் கிளினிக்கில் ஒரே ஒரு கதிரை காலியாக இருந்தது. "நீங்க ஒக்காருங்க சம்பந்தி." "சேச்சே, நீங்க ஒக்காருங்க." நாங்கள் உபசரித்து முடிப்பதற்குள் ஓர் அம்மா பையை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் நின்றோம். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டிலும் வெண்புரை, வலதை முதலில் எடுப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். "இவ்வளவு காலம் என்ன செஞ்சீங்க?" என்றும் கேட்டார். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், குனியக் கூடாது, தூக்கக் கூடாது. தனியாக விட முடியாது. வேறு வழியில்லாமல் சம்பந்தியே மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுநாள் கட்டு அவிழ்க்கும்போது மாப்பிள்ளை வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இதுக்குத்தான்பா சொன்னேன். கண்ணு தெரியாம அந்தக் காட்டுல கெடந்து... போதும். காணியை வித்துருவோம்."

நான் மெல்லக் கதவோரம் ஒதுங்கினேன். கண்ணைக் காட்டச் சொல்லிக் காணியை விற்க வைத்த புண்ணியவான் நான்தானே?

சம்பந்தி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி மகனையே பார்த்தார். பிறகு கையை நீட்டி மகனுடைய காதோரத்தைத் தொட்டார்.

"நரைச்சிருச்சா?"

மாப்பிள்ளையின் கை தானாகத் தலைக்குப் போனது. "அது... ரெண்டு வருஷம் இருக்கும்பா."

"வாராவாரம் வந்துட்டுத்தானே போன? எங்கிட்ட யாருமே சொல்லல."

"நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மகனின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டு வாங்கப் போகும் வழியில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு, "மாமா, அந்தக் கட்டை எப்ப ஆகும்? துவக்கைக் காட்டுற அன்னிக்கு நான் லீவு போட்டு அவரக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நாளைக்கே குடுத்துர்றேன் மாப்பிள்ளை" என்றேன். கட்டைக்கு மெருகேற்றி வாரக்கணக்கில் காயவிட வேண்டிய லின்சீட் எண்ணெயின் முதல் பூச்சைக்கூட நான் அப்போது தொடங்கியிருக்கவில்லை.