ஆளில்லாத கட்டடங்கள்

ஓர் ஆளை அழிப்பதற்கு முன்னால் அவர் ஒரு வாய் டீ குடித்துக்கொள்வார். அவசரம் கிடையாது. திரையில் புத்தம்புது விமான நிலையம் ஒன்று விரிந்து கிடக்கும். அதன் கூரைக்குக் கீழே பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண்மணி போய்க்கொண்டிருப்பாள். அவளைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, முகம் கட்டம் கட்டமாக உடைகிறவரை பார்ப்பார். "போய்ட்டு வாங்கம்மா" என்பார். கொஞ்ச நேரத்தில் அவள் நின்ற இடத்தில் தரை மட்டும் பளபளக்கும். பெட்டியும் போயிருக்கும், பெட்டியின் நிழலும் போயிருக்கும்.

கட்டடக்கலை இதழ் ஒன்றில் படம் திருத்துகிறவர் இவர். நான் அதே இதழில் படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுகிறவள். எங்கள் இருவர் மேஜைக்கும் நடுவே ஒரு தடுப்பு, அதில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை வருடப் பழக்கமும். அலுவலகத்தில் அவருக்கு ரப்பர் சார் என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குக் கோபம் வராது. "தப்பா எழுதறது உங்க வேலை, அழிக்கறது என் வேலை. இதுல என்ன இருக்கு" என்பார்.

கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அதில் யாராவது நடமாடுவது ஏனோ பிடிப்பதில்லை. படத்தில் குப்பைத் தொட்டி கூடாது, மின்கம்பி கூடாது, நிறுத்தி வைத்த கார் கூடாது, மனிதன் கூடவே கூடாது. வருடக் கடைசியில் 'உலகக் கட்டடக்கலையில் இந்த ஆண்டு' என்று ஒரு சிறப்பிதழ் போடுவோம். அப்போது ரப்பர் சாருக்குத் தலைக்கு மேல் வேலை. இந்த வருடம் கேட்கவே வேண்டாம், உலகத்துக்கே கட்டடப் பைத்தியம் பிடித்திருந்தது. முழுக்க மரத்தாலேயே எழுப்பிய கோபுரம் வந்தது. வெள்ளம் வந்தால் மிதக்கிற தெரு வந்தது. பழைய தானியக் கிடங்கின் வயிற்றைக் குடைந்து ஓர் இசை அரங்கம் செய்திருந்தார்கள். யந்திரமே சிமென்ட்டை முறுக்கு மாதிரிப் பிழிந்து பிழிந்து சுவர் எழுப்பிய பள்ளிக்கூடம் ஒன்றும் உண்டு. கண்ணாடிக்கோ கணக்கே இல்லை. 'மனிதர்களை ஒன்றுசேர்க்கும் வெளி' என்று நான் மாய்ந்து மாய்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அந்த வெளியிலிருந்து கடைசி மனிதனைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மதியச் சாப்பாட்டை கேன்டீனில் தூணோரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். எதிரில் யாராவது உட்கார்ந்தால் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விடுவார், பேச மாட்டார். விடுமுறை நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "வீட்லதான்" என்பார். எப்போது கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். வேலையில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. பயணிகளையும் மாணவர்களையும் ஒரு பார்வையில் அனுப்பி வைத்துவிடுகிறவர், தலைக்கவசம் போட்ட கட்டுமான ஆட்களிடம் மட்டும் நின்றுவிடுவார். டீ ஆறி ஆடை படர்ந்துவிடும். மனிதருக்குத் தொழில் சுத்தம் அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மெத்தை நடுவில் குழி விழுந்து கிடந்தது. இன்னொன்று கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. அதில் உட்காரப் போன என்னை, "இருங்கம்மா, தூசி" என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தார். தூசி இல்லை.

சுவரில் ஒரு குடும்பப் படம். நாற்காலியில் மெலிந்த ஓர் அம்மாள், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இவர், பின்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். படம் நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருக்க முடியாமல், "பையன் ஏன் சார் இவ்வளவு தள்ளி நிக்கறாரு? அம்மா பக்கத்துல வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நடுவுல ஒரு பொண்ணு இருந்தாம்மா. மருமக. கேக்காம கொள்ளாம கட்டிக்கிட்டு வந்து நின்னான். நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. என் வீட்டுக்காரிக்கு முடியாம போனப்ப அந்தப் பொண்ணுதான் கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்துச்சு. அப்பவும் பேசல."

மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் இவருடைய போனில் எடுத்த படம் அது. அந்த அம்மாள் அதிக நாள் இருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே என்று, இருந்த கடைசிப் படத்தை இவர் எடுத்துச் சரி செய்தார். சரி செய்வது என்றால் இவருக்கு ஒரே அர்த்தம்தான். மருமகளை எடுத்தார். அவள் கை மாமியாரின் தோளில் இருந்தது. அந்தக் கையையும் எடுத்து, அது மறைத்திருந்த தோளையும் துணியின் மடிப்பையும் புதிதாக வரைந்தார்.

"சுத்தமான வேலைம்மா. நம்ம ஆபீஸ்ல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

மகன் படத்துக்கு முன்னால் வந்து நின்றானாம். சண்டை போடவில்லை, கத்தவில்லை. "அப்பா, அவ கை எங்கே?" என்று மட்டும் கேட்டானாம். அன்று மாலையே இருவரும் கிளம்பிவிட்டார்கள். மகன் போன் எண்ணை மாற்றிக்கொண்டான். எந்த ஊர் என்று தெரியாது.

"திருப்பி வெச்சிடலாமே சார்" என்றேன், புத்திகெட்டவள் மாதிரி.

"எதை வெச்சு? ஊர் உலகத்துக் கட்டடத்துக்கெல்லாம் மூலப்படத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டுதான் கை வைப்பேன். வீட்டுப் படந்தானேன்னு அது மேலயே வேலை செஞ்சுட்டேன்." ரொட்டிப் பொட்டலத்தைத் தரையில் வைத்தார். "வரைஞ்சாவது வெக்கலாம்னு உக்காந்தேன். மூஞ்சி ஞாபகம் வரல. நேரா பாத்திருந்தாத்தானே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் காய்ச்சலோடு அந்தக் குழி விழுந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் பாவமாகப் போயிற்று. "பையன் என்ன வேலை சார்?" என்று பேச்சை மாற்றினேன்.

"உசரமான கட்டடத்துக்குக் கண்ணாடி மாட்டற வேலை. இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர்."

தலைக்கவசக்காரர்களிடம் டீ ஏன் ஆறிப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிறப்பிதழ் வேலை முடிகிற நேரத்தில், அட்டைக்கென்று ஒரு கண்ணாடி நூலகத்தின் படம் வந்தது. எங்கோ ஓர் ஊரில் இந்த வருடம் திறந்தது, திறப்பதற்குச் சற்று முன்னால் எடுத்த படம். ஓட்டை வழியாக, "அம்மா, கொஞ்சம் வரீங்களா?" என்று அவர் குரல் கேட்டது. போனேன். கட்டடத்தின் மேல் மூலையில் கயிற்றில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. பின்கழுத்தும் ஒரு கையும்தான் தெரிந்தன.

"இடது கை" என்றார். "பாருங்க, இடது கையாலதான் திருகறான். கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்குவான், சின்ன வயசுல இருந்தே. அவந்தாம்மா."

கட்டம் கட்டமாக உடைந்த படத்தில் எனக்கு ஒரு சாய்வும் தெரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

இதழின் ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். ரப்பர் சாரின் பாதி வயதுதான் இருக்கும். "சார், மேல ஒரு புள்ளி மாதிரி இருக்கே, எடுத்துடுங்க" என்றார்.

"இது இருக்கட்டும்."

"என்ன சார்?"

"எடுக்க முடியாது." குரல் உயரவில்லை. கையை மட்டும் மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். ரப்பர் சார் இந்த அலுவலகத்தில் ஒரு வேலையை மாட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எடுக்கத் தெரிந்தவர்கள் வேறு இருவர் இருந்தார்கள், ஒரு நிமிட வேலை. நான் இடையில் புகுந்து, இந்த வருடம் வெளிநாட்டு இதழ்கள் எல்லாமே அட்டையில் ஓர் ஆளை விட்டுத்தான் போடுகின்றன, அப்போதுதான் கட்டடத்தின் உயரம் தெரியுமாம் என்று அடித்துவிட்டேன். பச்சைப் பொய். மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் ஆசிரியருக்கு எப்போதும் உண்டு. தாடையைத் தடவினார். "சரி, அப்ப இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

படம் எடுத்த புகைப்படக்காரரை எங்களுக்குப் பழக்கம். அட்டையில் இருக்கிற ஆளுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கண்ணாடி மாட்டிய நிறுவனத்தில் பெயர் சொன்னார்கள். அவனேதான், ரப்பர் சாரின் மகன்தான். கயிற்றில் தொங்குகிறவர்கள் ஆபத்து அவசரத்துக்கென்று வீட்டுப் போன் எண் ஒன்று கொடுத்து வைத்திருப்பார்களாம். அந்த எண்ணும் கிடைத்தது.

ரப்பர் சார் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. "பேசினீங்களா?" என்று ஓட்டை வழியாகக் கேட்டால், "வேலைல இருப்பான்" என்பார். காலையில் கேட்டாலும் வேலை, சாயங்காலம் கேட்டாலும் வேலை. இதழ் அச்சாகி வந்து கட்டுக் கட்டாக வாசலில் இறங்கிற்று. எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். இவர் எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க பையன் போனை வெச்சா வெக்கட்டும் சார். அதுக்காக வாழ்நாள் பூரா சுவத்தைப் பாத்தே சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது அதிகப்படிதான்.

மதியம் அலுவலகம் காலியான பிறகு என் மேஜைக்கு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போலும், உதடு அசைந்தது. எண்ணை அழுத்தினார். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு பெண்குரல், எனக்கே தெளிவாகக் கேட்டது.

"ஹலோ, யாருங்க?"

இவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

"அவர் வேலைக்குப் போயிருக்காருங்க. சாயங்காலம் பண்றீங்களா?"

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "இல்லம்மா" என்றார். "உங்கிட்டதான் பேசணும். நான்... உன் மாமா பேசறேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ குழாயில் தண்ணீர் கொட்டுவது மட்டும் கேட்டது. ரப்பர் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். போனைக் காதில் வைத்தபடி நேராக நின்று, திறந்திருந்த சட்டைக் கழுத்துப் பொத்தானை ஒற்றைக் கையால் தடவித் தடவிப் போட்டுக்கொண்டார்.