ஆயில் ஃபில்டரில் மின்னிய துகள்கள்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் என் மனைவி. அடையாறு பாலத்தில் ஏறும்போது, "என்னங்க, அடியில ஏதோ தட்டுற மாதிரி இருக்கு" என்றாள். ஏசியாக இருக்கும் என்றேன். கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். இவள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கும்.

அது டர்போ வைத்த, வேகத்துக்கென்றே செய்த கார். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு, வெகுநாள் ஆசைக்காகப் பழையதாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் விரட்டியே அதைத் தேய்த்திருந்தார். கிண்டி தொழிற்பேட்டையில் இந்த மாதிரிக் கார்களை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இன்ஜினை முழுக்கப் பிரித்து, தேயும் பாகங்களையெல்லாம் புதிதாகப் போட்டுத் தந்தார். "இனிமே லட்சம் கிலோமீட்டர் போவும் சார்" என்றார்.

ஆயிரம்கூட ஓடவில்லை. குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சத்தம் கேட்காது. பெசன்ட் நகரில் எங்கள் வீட்டிலிருந்து மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் சூடேறிவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம், மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். நான் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். பத்து நாள் இப்படியே ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை மாலை சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. மனைவி அந்த விளக்கைப் பார்த்தாள். கை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்ஜின ஸ்டார்ட் பண்ணாத சார். தூக்கினு வர வண்டி அனுப்புறேன்" என்றார். விடுமுறை நாளிலும் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்திருந்தார்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை அறுத்து, உள்ளேயிருந்த மடிப்புக் காகிதத்தைப் பிழிந்து விரித்தார். வெயிலில் அது முழுக்க மினுமினுத்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு துகள்கூட ஒட்டவில்லை.

"இரும்பு இல்ல சார். பேரிங் பூடுச்சு."

காரைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வடித்து, அடிப்பாகத்தைத் திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்ஜினின் அடித்தண்டைப் பிடித்திருக்கும் மெல்லிய வளைந்த தகடுதான் பேரிங். என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கவேண்டியது, செம்பு தெரியும்வரை உரிந்திருந்தது.

அவர் உள்ளே போய், அது வந்த காலிப் பெட்டியையும் எப்போதோ எடுத்துவைத்த, அசல் பேரிங் வந்த பழைய பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுத்தின் கறுப்பு கொஞ்சம் வேறாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"டூப்ளிகேட்" என்றவர், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இதே மாரி ரெண்டு செட் வாங்கினேன் சார்."

"இன்னொன்னு எங்கே?"

"கோபாலபுரத்துல ஒரு பல் டாக்டரம்மா. அவங்க வண்டிக்குப் போட்டேன். இன்னைக்கு டிபன் முடிச்சுட்டு அப்பாவோட பாண்டிச்சேரி போறேன்னு சொன்னாங்க."

மணி ஒன்பது தாண்டியிருந்தது. அவர் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். வண்டியை நிறுத்துங்கள் என்று செய்தி அனுப்பினார். அது படிக்கப்படவில்லை. அவருடைய பழைய வேனில் இருவரும் கிளம்பினோம்.

திருவான்மியூர் தாண்டும்போது அவர் கேட்டார். "எத்தினி நாளா சார் அந்த சத்தம் கீது?"

பொய் வாய்வரை வந்தது, விழுங்கினேன். "பத்து நாளா" என்றேன்.

முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினார். "அந்த அம்மா வண்டிக்கு அந்த பேரிங்க போட்டு ஆறு நாள்தான் ஆவுது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கோவளத்துக்கு அப்பால் சாலையில் முதல் சொட்டுகள் தெரிந்தன. பிறகு அவை கோடாயின. கோடு அகன்று, வெயிலில் கறுப்பாகப் பளபளத்தபடி எங்களுக்கு முன்னால் வளைவுக்குள் போயிற்று. மெக்கானிக் வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஓட்டினார். இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வளைவு தாண்டி கார் ஓரத்தில் நின்றிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்ற பெரியவர்தான் டாக்டரின் அப்பா என்று தெரிந்துகொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சற்றுப் பின்னால் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. மீன் கூடை கவிழ்ந்து சாலையெல்லாம் மீன். டாக்டர் தரையில் உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் ஒருவருடைய தோளைக் கட்டிப் பிடித்திருந்தார். பின்னால் வந்தவர் ஆயிலில் வழுக்கிவிட்டார். காறை எலும்பு முறிந்திருந்தது.

"டமால்னு ஒரு சத்தம். இன்ஜின் நின்னு, ஸ்டியரிங் திரும்பவே இல்ல. எப்படி நிறுத்தினேன்னு தெரியல" என்றார் டாக்டர். குனிந்து பார்த்தேன். பேரிங் போனதால் கழன்ற இரும்புக் கம்பி இன்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

மெக்கானிக் அந்தப் பெரியவர் முன்னால் போய் நின்றார். "என் தப்பு சார். நான் போட்ட பேரிங்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.

மீன்காரர் இரண்டு மாதத்தில் மறுபடி மொபெட் ஓட்டினார். டாக்டரிடம் என் பத்து நாளைப் பற்றி விபத்து நடந்து ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அவர் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்றார். என் கையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது.

விபத்துக்கு மறுநாளே பேரிங் விற்ற கடைக்கு மெக்கானிக்கோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் மறைக்கவில்லை. தன்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அந்தப் பெட்டிகளில் இன்னும் சில விற்றுப்போனதாகவும், வாங்கியவர்கள் யாரென்று குறித்துவைக்கவில்லை என்றும் சொன்னார்.

அன்றே மெக்கானிக் இரண்டு பெட்டிகளையும் படமெடுத்து, ஊரிலுள்ள மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒருவர் மட்டும் பதில் போட்டார், தன்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்று. மற்றவை எந்த வண்டிகளுக்குள் போயின என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.