ஆற்றுத் தண்ணீரில் பிசைந்த மாவு

ஒரு பித்தளைத் தூக்குவாளி. மூடியைச் சுற்றித் துணி, அதன்மேல் சணல் கயிறு. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் அதைத்தான் முதலில் அண்ணனிடம் கொடுத்தார். உள்ளே தாமிரபரணித் தண்ணீர். என் மதினி குடிப்பதற்காக வந்தது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாயில், தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்குப் பதிமூன்று வயது. அண்ணனுக்குத் தோல் பட்டறையில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் மதினி தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு சந்தில் பேசிக்கொண்டே வருவாள். ஆறு மாதத்தில் வயிற்றுப்போக்கு நிற்காமல், வளையல் முழங்கை வரை ஏறும்படி மெலிந்துபோனாள். ஊருக்கு அனுப்பினோம், தேறி வந்தாள். வந்த சில வாரத்தில் மறுபடி படுத்தாள். அம்மா, "இந்தத் தண்ணி அவளுக்குச் சேரல" என்றாள். குழாயடியில் பெண்கள் என் காதுபடவே சிரித்தார்கள். "வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல சாக்குன்னு சொல்லுவாவ. இவளுக்குத் தண்ணிமேல சாக்கு."

ஆற்றுத் தண்ணீரும் பலிக்கவில்லை. அப்போது ரேஷனில் அரிசி கொஞ்சம்தான், கோதுமைதான் கிடைத்தது. கோதுமைதான் பலம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் இருந்த சோற்றை அண்ணனுக்கும் எனக்கும் போட்டுவிட்டு, நோயாளிக்குச் சப்பாத்தி கொடுத்தோம். தண்ணீரும் சேரட்டும், பலமும் வரட்டும் என்று நான் அந்தத் தூக்குவாளித் தண்ணீரிலேயே அவளுக்கு மாவு பிசைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் அம்மா அண்ணனிடம், "இவள ஊர்லயே விட்டுட்டு வந்துரு. இங்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா அவ அப்பனுக்கு யாரு பதில் சொல்ல?" என்றாள். மதினி சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. தவழ்ந்து வந்து அம்மாவின் காலைப் பிடித்தாள்.

"அனுப்பிராதிய அத்தை. அங்க போனா தேறிருவேன். தேறிட்டா இந்த ஊருதான் ஆகலன்னு ஆயிரும், என்னை மறுபடி யாரு கூப்பிடுவா?"

அண்ணன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கிருந்த டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஊரில் என்ன சாப்பாடு, இங்கே என்ன சாப்பாடு என்றுதான் கேட்டார். அண்ணன் சொல்லி முடித்ததும், இனி கோதுமை வாயில் படக்கூடாது என்றார். கோதுமையே குடலுக்கு ஆகாத அந்த நோயின் சீலியாக் என்ற பெயரெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான். அவளை உருக்கியது என் கை.

அன்றிலிருந்து வீட்டு அரிசி முழுவதும் மதினிக்கு. "புள்ள சோத்தத் திங்கேனே" என்று அழுதுகொண்டே சாப்பிட்டாள். போக்கு நின்றது, பலம் வரவில்லை. ஊருக்கு அனுப்பும் பேச்சும் ஓயவில்லை. சுவரைப் பிடித்து வாசல் வரை நடக்கவே ஒரு மாதம் ஆனது. பிறகு குழாயடியிலிருந்து அந்தத் தூக்குவாளியில் கால்வாசி தண்ணீர், பாதி என்று தூக்கிப் பார்த்தாள். பாதி வழியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிடுவாள். நான் ஓடினால், "தொடாத" என்பாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை, வழிய வழிய நிரப்பி, எங்கும் இறக்காமல் வாசல் வரை கொண்டுவந்தாள். பின்னால் வந்த பெண்கள் பார்க்க, அதே குழாய்த் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

"இனி எதுமேல சாக்குச் சொல்லட்டும்?" என்றாள்.

அம்மா அதன்பின் ஊருக்கு அனுப்பும் பேச்சை எடுக்கவில்லை.

அந்தத் தூக்குவாளி இப்போது செம்பூரில் என் அடுக்களையில் இருக்கிறது. மதினி வந்தால் சுடுவதற்கென்று அதில் அரிசி மாவு மட்டும் வைத்திருக்கிறேன். அன்று ஆற்றுத் தண்ணீரில் நான் பிசைந்த மாவைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கையை இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் அதன் மூடியைத் திறப்பேன்.