செட்டிங்ஸைத் தொடாதீர்கள்

1. டீச்சர் சாய்ந்த அன்று

எஸ்தர் டீச்சர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தார். அதற்குள் நான் மனசுக்குள் ஆம்புலன்ஸ் வரவழைத்து, போலீசுக்குப் பதில் சொல்லி, ஜாமீனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கேமிங் சென்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்ப்யூட்டரை ஆன் செய்வேன், ஆஃப் செய்வேன், சேர் துடைப்பேன். மீதி நேரம் கவலைப்படுவேன். ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

டீச்சருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அவர் வீட்டுக்காரர் சாம் மஸ்கட்டில் இருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் இவர் எங்கள் சென்டரிலும் அவர் அங்கேயுமாக உட்கார்ந்து ஒரு கேம் ஆடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து, குண்டு வைத்துப் பாறையைப் பிளந்து, ஒரு குகையைக் கடக்க வேண்டும். போனில் பேசினால் கரண்ட் பில்லும் ஸ்கூல் ஃபீஸுமாகப் பேச்சு முடிந்துவிடுகிறதாம். குகைக்குள் போனால்தான் சிரிக்கிறார்களாம்.

"இதுவும் முடியாதுன்னா விட்டுர வேண்டியதுதான் அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று.

2. என் வைத்தியம்

அடுத்த சனிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே மானிட்டர் பட்டனை அமுக்கி வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கண்ணுக்குக் குளுமையாக இருக்கட்டும் என்று டியூப்லைட்டையும் அணைத்தேன். ஹெட்போன் தலையை அமுக்கும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எஸ்தர், எங்கன நிக்க? நான் இங்கன பாலத்துல நிக்கேன்லா," என்றது சாம் குரல்.

"எனக்குப் பாலமே தெரியல."

அடுத்த அடியில் டீச்சர் பள்ளத்தில் விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார்.

"திரும்பவும் அங்கனதானா? என்ன, வீடு கட்டிக் குடியிருக்கப் போறியா?"

அப்போது குண்டு வெடித்தது. அத்தனை இருட்டில் திரை வெள்ளையாகப் பளிச்சென்று அடித்ததில் எனக்கே கண் கூசியது. டீச்சர் நெற்றியைப் பிடித்தார்.

"அண்ணே, மொதல்ல லைட்டைப் போடுங்க. ரூமு இருட்டா இருந்தா இன்னும்லா கூசுது. இந்தப் பளிச்சு பளிச்சுதான் எனக்குச் சேரல. கேமுக்குள்ளயே அதைக் குறைக்க ஏதாவது இருக்கும். செட்டிங்ஸைத் திறங்க."

லைட்டைப் போட்டதும், எதிர்ச் சுவரில் என் கையெழுத்தில் 'செட்டிங்ஸைத் தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. ஒருமுறை நான் அதைத் தொட்டதில், கேம் முழுக்கச் சீன மொழிக்கு மாறிவிட்டது. திரும்பி வர எதை அமுக்கினாலும் சீனாவுக்குள் இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தேன். அதன்பிறகு செட்டிங்ஸுக்குப் போட்டிருக்கும் அந்தப் பல்சக்கரப் படத்தை, நாய் வளர்க்கும் வீட்டைக் கடப்பதுபோலத்தான் கடப்பேன்.

"முதலாளி அண்ணாச்சி ஏசுவாக டீச்சர்."

"ஏசுனா நான் சொல்லிக்கிடுதேன். லிஸ்ட்ல பைய கீழ போங்க."

அவர் படித்துச் சொல்ல, நான் மௌஸை நகர்த்தினேன். வெடிப்பின் பளிச்சைக் குறைப்பது, திரை குலுங்காமல் நிறுத்துவது எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. பிரைட்னஸுக்கு ஒரு படம் வந்தது. அது மங்கலாகத் தெரியும்வரை கீழே கோட்டில் உள்ள புள்ளியை நகர்த்த வேண்டுமாம். கேம் தொடங்கும்போதெல்லாம் வரும் அதே படம்தான். இத்தனை வருஷமும் அதை ஸ்கிப் அமுக்கித் தள்ளியிருக்கிறேன். மானிட்டரில் நான் குறைத்திருந்த வெளிச்சத்தை டீச்சர் முதலில் பட்டனை அமுக்கிக் கூட்டினார். பிறகு மௌஸை வாங்கி அவரே புள்ளியை நகர்த்தினார். பாலம் தெரிந்தது.

3. அண்ணாச்சியின் தீர்ப்பு

மறுநாள் அதே மிஷினில் உட்கார்ந்த ஒரு காலேஜ் பையன், "என்னண்ணே, குண்டு வெடிச்சா ஊசிப் பட்டாசு மாதிரி இருக்கு?" என்றான். அண்ணாச்சி அப்போது கடையில்தான் இருந்தார்.

"என்னவே சுடலை, ஒரு ஆளுக்காக மிசினையே மாத்துவீரோ? பழையபடி ஆக்கும். ஒத்துவரலன்னா அந்தம்மாவ வர வேண்டாம்னு சொல்லிரும்."

"சரி அண்ணாச்சி," என்றேன். அவர் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல எனக்கு வராது. ஆனால் டீச்சரிடம் போய் அதைச் சொல்வதை நினைத்தால் செட்டிங்ஸே தேவலாம் என்று பட்டது. அந்த வாரம் தினமும் கடை திறக்குமுன் போய் அதன்முன் உட்கார்ந்தேன். இன்னொரு தடவை சீனாவுக்குப் போய் வந்தேன். கடைசியில் புரொஃபைல் என்ற ஒன்று அகப்பட்டது. ஆளுக்கொரு பெயர் போட்டு வைத்தால், அவரவர் செட்டிங்ஸ் அவரவர் பெயரில் தனியாக இருக்கும். அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா நான் ஏன்வே கத்துதேன்?"

சனிக்கிழமை டீச்சர் பெயரில் கேம் திறந்தது. குண்டு வெடித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை. தைலப் பாட்டிலோடு அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்க டீச்சர்."

"நீங்க பின்னால நிக்கது திரையில தெரியுது. இப்போ உங்க வெள்ளச் சட்டைதான் கண்ணைக் கூசுது."

ஸ்பீக்கரில் சாம் சிரித்தார். நான் கவுண்டரில் போய் உட்கார்ந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உட்காருகிறவரிடம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். மௌஸை அவர் கையில் கொடுங்கள். பிறகு விலகிப் போய்விடுங்கள். முதல் இரண்டும் எனக்கு வந்துவிட்டன. அன்று குகையின் மறுபக்கம் சேர்ந்து அவர்கள் இருவரும் சிரித்த சத்தம் கவுண்டர்வரை கேட்டது. அழுகிறாரோ என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.