மஞ்சள் கவுன்

எனக்கு மைனஸ் ஒன்பது பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. ஒரு சீசனில் குற்றாலத்து அருவி என் கண்ணாடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் மறு வருஷம், ஆண்கள் பக்கம் குளிக்கப் போன கணவரிடம் புதுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் அடையாளம் தெரியட்டும் என்று ஆறு வயது மகளுக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அருவிக்குள் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவள் கை நழுவியது. பதறித் தேடினேன். மஞ்சளாக ஒன்று தெரிந்ததும் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"ஏம்மா, எம் பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீய?" என்று ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். நான் தடுமாறியதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளே என் கையைப் பிடித்து, கம்பியோரம் நின்ற என் மகளிடம் கூட்டிப்போனாள்.

மகள் அழவில்லை.

"நான் இங்கனதாம்மா நின்னேன். நீ என்னையப் பாத்துட்டுத்தான் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போன."

இப்போது அவளுக்குப் பத்து வயது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றால்கூட, "அம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் வருகிறாள். சொல்ல வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.